நெல்லிக்குப்பத்தை வைத்து ஒரு ஸ்கிரீனரைச் சரிபார்த்தது

ஸ்கிரீனர் என்பது நாம் எழுதும் விதிக்குப் பொருந்தும் பங்குகளை மட்டும் வடிகட்டித் தரும் இணையக் கருவி. பங்கு தேட நான் அதில் எழுதிப் பார்த்து, கடைசியில் கைக்கு வந்த விதி இதுதான். சந்தை மதிப்பு, அதாவது எல்லாப் பங்குகளும் சேர்ந்த விலை, 300 கோடி ரூபாய்க்கு மேல். ஐந்தாண்டு சராசரி ஆர்.ஓ.சி.இ., அதாவது தொழிலில் போட்ட மொத்த முதலுக்குக் கிடைக்கும் ஆதாயம், 15 சதவீதத்துக்கு மேல். ஐந்தாண்டுகளில் தொழிலிலிருந்து உள்ளே வந்த ரொக்கம், அதே ஐந்தாண்டு நிகர லாபத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளிக் குழு, வைத்திருக்கும் பங்குகளில் அடமானம் 5 சதவீதத்துக்குக் கீழ். இதர வருமானம் லாபத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. வட்டியைப் போல நான்கு மடங்காவது இயக்க லாபம், அதாவது வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் நிற்கும் லாபம். பி.இ., அதாவது பங்கின் விலை அதன் ஓராண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 30-க்குக் கீழ்.

கடனுக்கு நேரடி வரம்பு இதில் இல்லை. ஸ்கிரீனர் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தட்டச்சு செய்வதே கடன்–பங்கு விகிதத்தைத்தான், அதாவது சொந்த முதலோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்பதை. அதை ஏன் நீக்கினேன் என்பதற்கு இந்தப் பதிவில் நிறைய இடம் போகும்.

நான் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. யாராவது ஒரு பெயரைச் சொன்னால் போய்ப் பார்ப்பது என்றே அதுவரை ஓடியது. சொல்பவர் எப்போது வாங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானே தேடிக்கொள்ள முடியுமா, காசு செலவில்லாமல் எதுவரை போகலாம் என்று பார்க்க 2024 அக்டோபரில் உட்கார்ந்தேன்.

கருவிகள்: ஒரு பழைய மடிக்கணினி, கோடு போட்ட நோட்டு, இலவசத் தளங்கள். விலை ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துத் தேட சார்ட்இங்க் என்ற தளம் நல்லது. எனக்கு அது தேவைப்படவில்லை. திரையில் ஒரு கோட்டை இழுத்து எல்லையை மாற்றுகிற தளம் ஒன்று பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டிய பொத்தான்களில் சில சந்தா கட்டினால்தான் திறக்கும். ஸ்கிரீனர்.இன் தளத்தில் விதியை ஒரு வாக்கியம் போல வரிவரியாக எழுதலாம், ‘இதுவும்’ ‘அல்லது’ என்று கோக்கலாம், எழுதியதைச் சேமித்து வைக்கலாம், ஒரு கம்பெனியின் பத்தாண்டுக் கணக்கை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பதிவு செய்துகொண்டால் போதும், கட்டணம் இல்லை. அதையே பிடித்துக்கொண்டேன். கைப்பேசியில் இந்த வேலை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பத்திகள் உள்ள பட்டியலை அதில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள், எந்த எண் எந்தக் கம்பெனியுடையது என்பது மறந்துவிடும்.

அந்தத் தளம் மாதிரிக்கு ஒரு விதியைத் தருகிறது: சந்தை மதிப்பு 500 கோடிக்கு மேல், பி.இ. 15-க்குக் கீழ், ஆர்.ஓ.சி.இ. 22 சதவீதத்துக்கு மேல். மலிவான விலையில் நல்ல தொழில் என்பதுதான் கருத்து. அதை அப்படியே ஓட்டினேன். வந்த பட்டியலில் பாதிக்கு மேல் நான் கேள்விப்பட்டிராத பெயர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் ‘மலிவு’ எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தது. ஒரு கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி, ஓராண்டு லாபம் 60 கோடி என்று வைத்துக்கொள்வோம். பி.இ. 10. லாபக் கணக்கைத் திறந்தால், அந்த 60 கோடியில் 45 கோடி பழைய ஆலை நிலத்தை விற்றதில் வந்தது. நிலத்தை மறுபடியும் விற்க முடியாது. தொழிலில் வந்தது 15 கோடிதான், உண்மையான பி.இ. 40. ஸ்கிரீனருக்கு இந்த வேறுபாடு தெரியாது, லாபம் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வகுக்கும். இதர வருமானத்துக்கு வரம்பு போட்டது இப்படித்தான்.

பிறகு எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், இறுக்கினேன். பி.இ. 12, ஆர்.ஓ.சி.இ. 25, ஐந்தாண்டு விற்பனை வளர்ச்சி 15, ஐந்தாண்டு லாப வளர்ச்சி 20, கடன்–பங்கு விகிதம் 0.3. பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. சுருங்கியதாலேயே அது நல்ல பட்டியல் போலவும் தோன்றியது.

அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். தீபாவளிக்கு வந்திருந்தவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ளே வந்ததை மட்டும் பார்க்கிறீர்களே, வெளியே போனது எவை என்று பார்த்தீர்களா?” என்றான்.

“போனது போகட்டும் மாப்பிள்ளை. அதற்குத்தானே இது இருக்கிறது?”

“நல்லதும் சேர்ந்து போயிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்ல முடியவில்லை. அவனே ஒரு வழியும் சொன்னான். எனக்கு நன்றாகத் தெரிந்த கம்பெனிகளை எடுத்துக்கொள்வது. அவை இந்த விதியில் தேறுமா தேறாதா, ஏன் என்று முதலில் நோட்டில் எழுதுவது. அதன் பிறகு ஓட்டிப் பார்ப்பது. எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது போன்ற வேலை. எனக்குத் தெரிந்தவை என்றால் கண்ணுக்கு முன்னால் இருப்பவைதான். கடலூரைச் சுற்றிப் பங்குச் சந்தையில் உள்ள பெயர்களுக்குப் பஞ்சமில்லை: நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்திருக்கும் ஈ.ஐ.டி. பாரி, நெய்வேலியின் என்.எல்.சி., சிப்காட்டில் பி.வி.சி. ஆலை உள்ள கெம்ப்ளாஸ்ட் சன்மார், அதே சிப்காட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தயாரிக்கும் டான்ஃபாக். இவற்றை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ இங்கே சொல்லவில்லை. இவை எனக்கு எடைக்கற்கள் மட்டுமே.

என்.எல்.சி. பற்றி நோட்டில் ‘தேறாது’ என்று எழுதினேன், தேறவில்லை. நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் கடன் வாங்கிக் கட்டப்படுபவை. மின் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. சொந்த முதலுக்கு 15.5 சதவீதம் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. அப்படிப்பட்ட தொழிலிடம் 25 சதவீத ஆர்.ஓ.சி.இ. கேட்டால் எந்தக் காலத்திலும் வராது. கம்பெனி கெட்டுப்போனதால் அது விழவில்லை. மின்சாரத் தொழில் முழுவதையும் என் விதி மூடிவிட்டதால் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன், ஆனால் தெரிந்து விட்டேன். வங்கிகளும் இதே போலத்தான். அவற்றுக்குக் கடன்தான் சரக்கு. கடன்–பங்கு விகிதம் போட்ட உடனே மொத்த வங்கித் துறையும் காணாமல் போகும். அவற்றுக்குத் தனி விதிதான் எழுத வேண்டும்.

கெம்ப்ளாஸ்ட் சன்மார் வேறொரு பாடம். 2021 ஆகஸ்டில் அது மறுபடியும் பங்குச் சந்தைக்கு வந்தது. பி.வி.சி. விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. 2021-22இல் நல்ல லாபம். பிறகு விலை சரிந்தது, 2023-24இல் நஷ்டம். ‘கடைசி ஆண்டு ஆர்.ஓ.சி.இ.’ என்று மட்டும் கேட்டால், இப்படிப்பட்ட தொழில்கள் எல்லாம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பட்டியலில் ஏறும். லாபம் உச்சத்தில் இருப்பதால் பி.இ.யும் அப்போதுதான் மிகக் குறைவாகத் தெரியும். சர்க்கரை, உரம், உலோகம், ரசாயனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடைசி ஆண்டை எடுத்துவிட்டு ஐந்தாண்டு சராசரி போட்டேன்.

ஐந்தாண்டு என்று போட்டதும் இன்னொரு ஓட்டை தெரிந்தது. புதிதாகச் சந்தைக்கு வந்த கம்பெனிக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். ஐந்தாண்டுக்கு முன் நஷ்டத்தில் இருந்த கம்பெனிக்கு லாப வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடவே முடியாது. காலிக் கட்டத்தை ஸ்கிரீனர் ‘தேறவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது. நஷ்டத்திலிருந்து எழுந்து வருகிறவை மொத்தமும் இப்படி ஓசையில்லாமல் வெளியே போய்விடும். அவற்றைத் தேட வேண்டுமானால் அதற்கென்று தனி விதி வேண்டும். நான் லாப வளர்ச்சி விதியையே நீக்கிவிட்டேன்.

டான்ஃபாக் தேடலில் முதல் சிக்கல், ஒரு இலவசத் தளத்தில் பெயரே வரவில்லை. பல ஆண்டுகளாக மும்பை பங்குச் சந்தையில் மட்டும் கைமாறி வந்த பங்கு அது. அந்தத் தளம் தேசியப் பங்குச் சந்தையில் உள்ளவற்றைத்தான் வடிகட்டுகிறது. எந்தச் சந்தையின் பட்டியலிலிருந்து தளம் எடுக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, எண்களில் தெரியாத விஷயம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தயாரிக்க ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமமும் கந்தக அமிலமும் வேண்டும்; ஃபுளோர்ஸ்பாரைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் நாம் வாங்குகிறோம். அதன் விலையோ டாலரோ ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு எந்த ஸ்கிரீனரிலும் பொத்தான் கிடையாது. அது ஆண்டறிக்கையில் இருக்கும்.

அதிக நேரம் எடுத்தது பாரி. நெல்லிக்குப்பம் ஆலை 1842இலிருந்து இருக்கிறது. கடலூர்–பண்ருட்டி சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகாத ஆள் எங்கள் பக்கம் இல்லை. இது சர்க்கரைக் கம்பெனி என்ற நினைப்பில்தான் பக்கத்தைத் திறந்தேன். விற்பனை என்று காட்டிய தொகை ஒரு சர்க்கரைக் கம்பெனிக்குப் பொருந்தாத அளவு பெரிது. தளம் இயல்பாகக் காட்டுவது குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கை. பாரிக்கு உரக் கம்பெனியான கோரமண்டல் இன்டர்நேஷனலில் பாதிக்கும் மேல் பங்கு இருக்கிறது. பாதிக்கு மேல் இருந்தால், துணைக் கம்பெனியின் விற்பனை முழுவதையும் தாய்க் கம்பெனியின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. தனிக் கணக்கைத் திறந்தால் விற்பனை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆக ‘விற்பனையோடு ஒப்பிட்ட விலை’ என்ற விதியில் பாரி எப்போதும் அடிமாட்டு விலையில் கிடைப்பது போலவே தெரியும்; அந்த விற்பனையில் பெரும்பகுதி வேறொரு கம்பெனியின் உரம், அதில் மீதிப் பங்கு மற்றவர்களுடையது. இன்னொன்று, அண்மை ஆண்டுகளில் பாரியிடம் உள்ள கோரமண்டல் பங்குகளின் சந்தை மதிப்பே பாரியின் மொத்தச் சந்தை மதிப்பைவிட அதிகம். தாய்க் கம்பெனிகளுக்குச் சந்தை தரும் தள்ளுபடி அது. இலவசமாக ஏதோ கிடைப்பதாக நினைத்து அதில் போய் உட்கார்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். விற்பனையோடு விலையை ஒப்பிடும் அந்த விகிதத்தையும் ஒதுக்கிவிட்டேன். பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒருங்கிணைந்தது, தனி என்று இரண்டு கணக்கையும் திறப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இனி கடன் விஷயம். சர்க்கரைக் கம்பெனிகள் பலவும் என் 0.3 வரம்பில் விழுந்தன. விழ வேண்டியவைதான் என்று விட்டிருப்பேன். எங்கள் அலுவலகக் கணக்கு நினைவுக்கு வந்தது. முந்திரி மகசூல் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே வரை வரும். கொட்டையை அப்போதே வாங்கிக் காயவைத்துக் கிடங்கில் போட வேண்டும், விவசாயிக்கு உடனே பணம் தர வேண்டும். உடைத்துப் பருப்பாக்கி விற்பது ஆண்டு முழுவதும். ஆக வங்கிக் கடனும் சரக்கு இருப்பும் ஏறி நிற்கும் நேரம் மார்ச் கடைசி. இந்தியக் கம்பெனிகள் இருப்புநிலைக் குறிப்பு எடுக்கும் நாளும் மார்ச் 31.

எண்களை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். சொந்த முதல் 10 கோடி. மார்ச் 31 அன்று கடன் 9 கோடி, விகிதம் 0.9. செப்டம்பர் 30 அன்று சரக்கு விற்றுக் கடன் 2 கோடிக்கு இறங்கிவிட்டது, விகிதம் 0.2. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு. ஸ்கிரீனர் பிடித்துக்கொள்வது மார்ச்சைத்தான் என்றால் இது கடனில் மூழ்கிய கம்பெனி. ஆனால் ஆண்டு முழுவதும் சராசரிக் கடன் 4 கோடி. 10 சதவீதத்தில் வட்டி 40 லட்சம். இயக்க லாபம் 2 கோடி. வட்டியைப் போல ஐந்து மடங்கு சம்பாதிக்கிறது. கரும்பு அரைக்கும் ஆலைக்கும் இதே நிலைதான். குளிர்காலத்தில் தொடங்கும் அரவை ஓடி, மார்ச்சில் சர்க்கரை மூட்டைகள் கிடங்கில் அடுக்கி நிற்கும்.

பட்டியலிட்ட கம்பெனிகள் செப்டம்பர் அரையாண்டு முடிவோடு இருப்புநிலைக் குறிப்பையும் வெளியிட வேண்டும். 45 நாள் கெடு, அதாவது நவம்பர் 14. அதற்குக் காத்திருந்து, சர்க்கரை, விதை, முந்திரி, உரம் என்று பருவத் தொழில் செய்யும் கம்பெனிகளின் மார்ச், செப்டம்பர் எண்களை நோட்டில் எதிரெதிரே எழுதினேன். பலவற்றில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கடன் என்பது ஒரு நாளில் எடுத்த படம், வட்டி ஆண்டு முழுவதற்குமான கூட்டல். கடன் விகிதத்தை நீக்கிவிட்டு, ‘வட்டியைப் போல நான்கு மடங்கு’ என்று போட்டது இதனால்தான்.

இதன் மறுபக்கமும் ஒன்று கிடைத்தது. எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். மார்ச்சில் கடனைக் குறைத்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசி வாரத்தில் வசூலை முடுக்கிக் கடனை அடைத்துவிட்டு ஏப்ரலில் மறுபடியும் வாங்கினால், இருப்புநிலைக் குறிப்பு சுத்தமாக இருக்கும். ஆனால் வட்டி மறையாது. ஒரு சிறு கம்பெனியின் கணக்கில் கடன் 5 கோடி என்றிருந்தது, வட்டிச் செலவு கிட்டத்தட்ட 2 கோடி. எந்த வங்கி 40 சதவீத வட்டி வாங்குகிறது? வட்டி என்ற தலைப்பில் வங்கிக் கட்டணமும் குத்தகைச் செலவும் சேர்ந்திருக்கலாம், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் இவ்வளவு இடித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். இப்போது வட்டியைக் கடனால் வகுத்து ஒரு தனிப் பத்தி வைத்திருக்கிறேன். 20 சதவீதம் தாண்டினால் நின்று பார்க்கிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். மின்சாரமும் இணையமும் இல்லாத நாள்களில், அச்செடுத்து வைத்திருந்த கணக்குகளைத்தான் படிக்க முடிந்தது. திரையில் பார்ப்பதைவிடத் தாளில் பார்ப்பதில் வேகம் குறைவு, கண்ணில் படுவது அதிகம். வராத பாக்கி ஆண்டுக்காண்டு ஏறுவதைப் பென்சிலால் வட்டம் போட்டபடி போனால் தப்பவே தப்பாது. விற்றுவிட்டோம் என்று பேரேட்டில் எழுத ஒரு நிமிடம் போதும். பணம் வந்து சேருவது தனிக் கதை. ரொக்கத்துக்கு 80 சதவீதம் என்ற விதி அங்கேதான் பிறந்தது. ஓராண்டுக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. சரக்குச் சேர்த்த ஆண்டில் நல்ல கம்பெனிக்கும் ரொக்கம் குறையும்.

விதி முடிந்த பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேறிய பெயர்களில், நாளொன்றுக்குச் சில லட்சம் ரூபாய்க்குக்கூடக் கைமாறாதவற்றை அடித்துவிட்டேன். விலை கீழ்ச் சுற்றில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கும் அடி எல்லையில், பூட்டிக்கொண்டால் வாங்க ஆள் கிடைக்காது. தாறுமாறாக நடக்கும் பங்குகள் என்று சந்தைகள் வெளியிடும் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். மீதியில் எனக்குப் புரிகிற தொழில்களின் ஆண்டறிக்கையைத் திறந்து, தணிக்கையாளர் அறிக்கையையும், புரமோட்டரின் சொந்தக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பையும் முதலில் படித்தேன். பெரும்பாலானவை அந்த இரண்டிலேயே கழிந்துவிடும்.

செலவு: தேடுவதற்கு ஒரு ரூபாயும் ஆகவில்லை, அச்சுக்கும் தாளுக்கும் ஆனதைத் தவிர. வாங்கி விற்பதற்குத்தான் செலவு. 10,000 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்றால், பரிவர்த்தனை வரி இரு பக்கமும் 0.1 சதவீதம், ஆக 20 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 1.50, விற்கும்போது டீமேட் கட்டணம் 15 முதல் 20. தரகு இல்லாத தரகரிடமே எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குப் பக்கம். அந்த டீமேட் கட்டணம் தொகையைப் பார்த்து மாறுவதில்லை; 2,000 ரூபாய்ப் பங்கை விற்றால் அது மட்டுமே ஏறக்குறைய ஒரு சதவீதம். ஓராண்டுக்குள் விற்று லாபம் பார்த்தால் 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி. ஓராண்டு தாண்டினால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். மாதம் ஒருமுறை ஸ்கிரீனரை ஓட்டி, வெளியே போனதை விற்று, உள்ளே வந்ததை வாங்குவது என்று சிலர் செய்கிறார்கள். சிறு தொகைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு அதில் மனம் போகவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது: முதலில் எடைக்கற்களை எழுதிவிட்டுப் பிறகுதான் விதி எழுதுவேன், தேறக் கூடாதவை இன்னும் சில அதில் சேர வேண்டும். பட்டியலை ஒவ்வொரு முறையும் தேதியிட்டுச் சேமிக்க வேண்டும். அக்டோபரில் தேறியவற்றில் சில, செப்டம்பர் காலாண்டு எண்கள் ஏறியதும் காணாமல் போயின. எவை என்று ஒப்பிடப் பழைய பட்டியல் என்னிடம் இல்லை. கூகுள் ஷீட்டில் விலையைத் தானாக இழுக்கும் ‘கூகுள்ஃபைனான்ஸ்’ சூத்திரத்தை வைத்து மாப்பிள்ளை ஒரு தாள் போட்டுக் கொடுத்திருக்கிறான். விலை சில நிமிடம் தாமதமாக வரும், என் வேலைக்கு அது போதும். வங்கிகளுக்கான தனி விதி பாதியில் நிற்கிறது: வாராக்கடன் விகிதத்தை நான் பார்த்த இலவசத் தளங்களில் ஒழுங்காக வடிகட்ட முடியவில்லை, முடிவு அறிக்கைகளிலிருந்து கையால் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ச் ஆண்டுக் கணக்குகளுக்கு 60 நாள் கெடு. மே 30-க்குப் பிறகு மறுபடியும் ஓட்டுவேன், மார்ச் கடனைச் செப்டம்பர் கடனுக்கு எதிரே எழுதிக்கொண்டு.